ஜெயிச்சா எவ்வளவு தருவாவ?

கோவா போயிட்டு வந்த பிறகு ஊரில் எல்லாரும் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஜெயிச்சா எவ்வளவு தருவாவ?" ஒண்ணும் தரமாட்டாங்க, நாமதான் பணம் கட்டிப் போகணும்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். "அப்ப நீ எவ்வளவு கெட்டுனே?" அந்தத் தொகையை வீட்டில்கூட நான் வாய் திறந்து சொன்னதில்லை. ஒரு ஏக்கர் கார் நெல்லில் செலவெல்லாம் போக எனக்குக் கையில் நிக்கிறதைவிட அதிகம்னு மட்டும் வச்சுக்குங்க. நல்லவேளை, கட்டினது நான் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா மகன். அவன் ஓட்டிக் கழிச்ச சைக்கிளைத்தான் நானும் ஓட்டினேன். மருமகன் புண்ணியத்தில் மாமன் அயர்ன்மேன் ஆன கதை இது. சரியாச் சொன்னா அரை அயர்ன்மேன்.

2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால. பணஜியை ஒட்டின மிராமர் கடற்கரையில் நடந்த ‘அயர்ன்மேன் 70.3’ போட்டி. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தணும். கரையேறி 90 கிலோமீட்டர் சைக்கிள். இறங்கினதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாத்தையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிச்சாகணும். மூணு தூரத்தையும் மைலில் கூட்டினா 70.3 வரும், அதனால்தான் அந்தப் பேர். முழு அயர்ன்மேன்னா இதைப்போல ரெண்டு மடங்கு. கோவாவில் 2019இல் இருந்து இந்தப் போட்டி நடக்குது.

இதோட பூர்வீகம் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஹவாய்த் தீவில் கொஞ்சப் பேர், நீச்சல்காரன் உடம்பு உசத்தியா, ஓட்டக்காரன் உடம்பு உசத்தியா, சைக்கிள்காரன் உடம்பு உசத்தியான்னு வழக்கடிச்சிருக்காங்க. நம்ம டீக்கடை வழக்கு மாதிரிதான். ஜான் காலின்ஸ்னு ஒரு அதிகாரி, அந்தத் தீவில் தனித்தனியா நடந்துக்கிட்டிருந்த மூணு போட்டிகளையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே நாளில் நடத்திப் பார்த்துருவோம்னு சொல்லிட்டார். 1978 பிப்ரவரி 18இல் 15 பேர் கிளம்பி 12 பேர் முடிச்சாங்க. முதல்ல வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிசம் ஆச்சு. ரெண்டாவதா வந்தவருக்கு வழியில் தண்ணி தீர்ந்துபோய், கூட வந்தவங்க பீரைக் கொடுத்து ஓட வச்சிருக்காங்க. அப்படிக் கோட்டிக்காரத்தனமா ஆரம்பிச்சது இன்னைக்கு உலகம் பூரா நடக்குது. நம்ம நாட்டில் மிலிந்த் சோமன் ஐம்பது வயசை நெருங்கும்போது, 2015இல், சூரிச்சில் முழு தூரத்தையும் முடிச்சார். அப்புறம்தான் பலபேருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரிஞ்சது. எனக்கும் அப்படித்தான் தெரியும்.

எனக்கு இந்த ஆசை வந்த காரணத்தைச் சொல்லணும்னா 2023 டிசம்பர் வெள்ளத்தில் இருந்து ஆரம்பிக்கணும். அந்த 17, 18 தேதிகளை எங்க பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கமாட்டாங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நாங்க இருக்கிறது சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஆத்தோரமா எனக்குக் கொஞ்சம் வயல் உண்டு. தண்ணி வடிஞ்சப்போ நட்டு மூணு வாரம் ஆன பிசான நாத்தைக் காணலை, மணலைத்தான் கண்டேன். வாழை பூராவும் ஒரே திசையில் படுத்துக் கிடந்துச்சு, யாரோ சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரி. அந்த மணலை அள்ளி முடிக்க மாசி ஆச்சு.

அஞ்சு வயசில் சுரைக்குடுக்கையை வயித்தில் கட்டிக் கிணத்தில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கினாங்க. ஏழு வயசில் ஆத்துக்கு வந்தாச்சு. அப்ப இருந்து தாமிரபரணியில் குளிக்காத நாளை எண்ணிச் சொல்லிடலாம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு மூணு மாசம் நான் ஆத்துப் பக்கமே போகலை. வீட்டில் பைப்பைத் திறந்து வாளியில் பிடிச்சுக் குளிச்சேன். ராத்திரி தூக்கம் இல்லை. மழைச் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்குவேன். அம்மா இதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கு. ஒருநாள் மருமகனுக்குப் போன் போட்டு, "ஒங்க மாமனுக்கு ஏதாச்சும் சொல்லுடே, பேயறைஞ்ச மாதிரி இருக்கான்"னு சொல்லிருச்சு. அவன் அடுத்த வாரமே அந்தச் சைக்கிளை ஆம்னி பஸ்ஸில் ஏத்தி அனுப்பிட்டான். கூடவே ஒரு வாட்சும் அனுப்பினான், கையில் கட்டினா நெஞ்சு துடிக்கிற கணக்குக் காட்டும். போட்டிக்குப் பேர் கொடுத்ததை மட்டும் பத்து நாள் கழிச்சுத்தான் சொன்னான்.

இங்கே பட்டணத்தில் இருந்து வாசிக்கிறவங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும். நான் இதில் இறங்கினதும் பெங்களூர், சென்னையில் இருந்து மருமகனோட சேக்காளிகள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. "உங்களுக்கு என்ன சார், விவசாயி உடம்பு, பயிற்சியே வேண்டாம்." அந்த வார்த்தையை நம்பித்தான் நானும் முதல் நாள் ஓடினேன். ரெண்டு கிலோமீட்டரில் மூச்சு முட்டி, கால்வாய்க் கரையில் ஒரு பனைமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். 44 வயசு. முப்பது வருசமா மம்பட்டி பிடிச்ச கை, வரப்பில் நடந்த கால். மூட்டை தூக்கச் சொன்னா தூக்குவேன். நாள் முழுக்க வெயிலில் நிப்பேன். ஆனா தொடர்ந்து இருபது நிமிசம் ஓட முடியலை.

யோசிச்சுப் பார்த்தா இதில் ஆச்சரியம் இல்லை. வயல் வேலை விட்டுவிட்டு நடக்கிற வேலை. பத்து வெட்டு வெட்டினா நிமிர்ந்து நிப்போம். மடை திறந்துட்டு உக்காந்திருப்போம். தொழிக்குள்ள நடக்கிற கால் வேற, ரோட்டில் ஓடுற கால் வேற. அதைவிட, வயல் வேலை உடம்பைப் பழக்குறதுக்காகச் செய்யுறது இல்லை. உடம்பைக் கொடுத்து வேலையை முடிக்கிறது. எங்க அப்பா எழுபது வயசில் முட்டு தேய்ஞ்சு, திண்ணையில் இருந்து கக்கூசுக்குப் போக சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. அவங்க வயசில் பட்டணத்தில் பூங்காவில் வேக நடை நடக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். விவசாயி உடம்பு இரும்பு உடம்புன்னு சொல்றவங்க அதை முப்பது வயசில் மட்டும் பார்த்துட்டுச் சொல்றாங்க.

மருமகன் சொன்ன முதல் பாடம் மெதுவா ஓடணும்கிறது. "பேசிக்கிட்டே ஓடுற வேகம் மாமா, அதுக்கு மேல போகாதீங்க." விடியக்காலம் நாலரைக்கு கால்வாய்க் கரையில் அந்த வேகத்தில் ஓடினா என்ன ஆகும்னு பட்டணத்தில் இருக்கிறவங்களுக்குத் தெரியாது. எங்க ஊரில் வளர்ந்த ஆம்பளை ஓடினா ஒண்ணு யாரையோ பாம்பு கடிச்சிருக்கணும், இல்ல மாடு கயித்தை அறுத்துக்கிட்டுப் போயிருக்கணும். முதல் வாரம் எதிரே வந்த அத்தனை பேரும் நிறுத்தி, "என்னவே, ஆஸ்பத்திரிக்கா?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது வாரம் கூடவே நாய்கள் ஓடி வந்துச்சு. மூணாவது வாரம் அம்மா, "வயக்காட்டுல அம்புட்டு வேல கெடக்கு, நீ ரோட்டுல ஓடிட்டு வந்து படுத்துக் கெடக்கே, கோட்டி புடிச்சிருக்கா எய்யா?"ன்னு கேட்டுச்சு. மருமகனுக்குப் போன் போட்டதே தான்தான்கிறதை அம்மா மறந்தாச்சு.

படுத்துக் கிடக்கிறதும் பயிற்சியில் ஒரு பகுதிதான்னு அம்மாகிட்ட சொல்லிப் புரியவைக்க முடியலை. எனக்கே புரிய நாள் ஆச்சு. ஓடும்போது உடம்பு பலமாகிறதில்லை, அப்போ அது கிழியுது. அப்புறம் சோத்தையும் தூக்கத்தையும் கொடுத்தா, கிழிஞ்ச இடத்தைக் கொஞ்சம் கெட்டியாத் தைச்சுக்குது. மூணு வாரம் வேலையைக் கூட்டினா நாலாவது வாரம் குறைக்கணும். போட்டிக்கு முன்னால் ரெண்டு வாரம் பாதிக்கும் கீழே கொண்டுவரணும். இதை வாசிச்சப்போ எங்க வயலில் இதுவரைக்கும் வேலை செஞ்ச யாருக்காவது நாலாவது வாரம்னு ஒண்ணு இருந்திருக்கான்னு நினைச்சேன்.

அந்த வாட்சை வச்சு ஒரு சோதனை செஞ்சு பார்த்தேன். கார் நடவுக்கு வர்ற ஆட்களில் ஒரு அக்கா, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், கை வேகத்துக்கு இந்தப் பக்கம் பேர் போனவங்க. வாட்சை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுத்தி அவங்க மேல்கையில் கட்டிவிட்டேன். "கரண்டு அடிக்குமா தம்பி?"ன்னு கேட்டுட்டுக் கட்டிக்கிட்டாங்க. காலை எட்டு மணிக்குக் குனிஞ்சவங்க. அவங்க நெஞ்சுத் துடிப்பு சாயங்காலம் வரைக்கும் நூறுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவிலேயே இருந்துச்சு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி இருந்தது. மருமகனுக்கு அந்தக் கோட்டுப் படத்தை அனுப்பினேன். "யார் மாமா இது, முழு அயர்ன்மேனுக்குப் பழகுறாங்களா?"ன்னு கேட்டான். மறுநாளும் அவங்க அதே வேலைக்குத்தான் வந்தாங்க. அதுக்கு மறுநாளும்.

என் பயிற்சி தண்ணி வரத்தைப் பார்த்துத்தான் நடந்துச்சு. பங்குனி, சித்திரையில் ஆத்தில் தண்ணி குறைவு, அணைக்கட்டுக்கு மேல் பக்கம் தேங்கி நிக்கிற இடத்தில்தான் நீந்த முடியும். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணியில் கால் மணி நேரம் சும்மா நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். நாலாம் நாள் முகத்தை உள்ளே விட்டேன். நம்ம ஊர் நீச்சல் தலையைத் தூக்கிக் கையை வீசுற நீச்சல், இருநூறு மீட்டருக்கு ஜோரா இருக்கும், அதுக்கு மேல கழுத்து போயிடும். முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு, பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுக்கணும். நாப்பது வருசமாத் தெரிஞ்ச ஒரு வேலையை முதல்ல இருந்து பழகுறது பெரிய ரோதனை. படித்துறையில் துணி துவைக்கிற மதினிமார் எல்லாம் வேலையை விட்டுட்டு என்னைத்தான் பார்த்தாங்க. கால்வாயில் தண்ணி திறந்து விட்ட பிறகு ஒரு வசதி கிடைச்சுது. எதிர்த்து நீந்தினா நகராம ஒரே இடத்தில் அரை மணி நேரம் நீந்தலாம். பட்டணத்தில் இதுக்கு மிஷின் இருக்காம்.

ஆத்து நீச்சல்னு சொன்னதும் பளிங்கு மாதிரி தண்ணின்னு நினைச்சுக்கிடாதீங்க. பாபநாசம் பக்கம் ஒரு நாள் நீந்தப் போனப்போ கையில் என்னவோ சுத்திக்கிச்சு. பாம்புன்னு நினைச்சு உயிரே போச்சு. பார்த்தா சேலை. பரிகாரம்னு அங்கே கட்டின துணியை ஆத்தில் விட்டுட்டுப் போற பழக்கம் இன்னும் நிக்கலை. கீழே வர வர சாக்கடை, அமலைச்செடி. திருநெல்வேலி டவுனைத் தாண்டினா நான் காலை நனைக்கிறதோடு சரி. ஆத்தைக் கும்பிடுறவங்களே அதில் அழுக்குத் துணியை விடுறதை நான் எந்தக் கணக்கில் எழுதுறதுன்னு தெரியலை.

சைக்கிளுக்கு எங்க பக்கம் நல்ல ரோடு உண்டு. சேரன்மகாதேவியில் கிளம்பி அம்பை, ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாத் தென்காசி போய்த் திரும்பினா நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து இருக்கே, அது எதிரே வந்து நெஞ்சில் கை வச்சுத் தள்ளும். போக மூணு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். மலை இடது பக்கம் போய் வலது பக்கம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்னு சொல்லலாம். சில இடத்தில் பாதி ரோட்டில் நெல்லு காயும், உளுந்து காயும். நானும் விவசாயிங்கிறதால ஒதுங்கித்தான் போவேன். உடைமுள் மட்டும் விவசாயின்னு பார்க்காது. மெலிசான டயர், மாசத்துக்கு மூணு பஞ்சர்.

கடல் பழக மணப்பாடு போனேன். நாலு தடவை. அங்கே வலை சரிபார்த்துக்கிட்டிருந்த ஒரு பெரியவர் நான் தடுமாறுறதைப் பார்த்துட்டுக் கரையில் இருந்து சத்தம் போட்டார். வந்து நின்னதும், "அலை கீழ எறக்கும்போது தலையத் தூக்கிப் பாக்காதீங்க, தண்ணிச் சுவருதான் தெரியும். அலை ஒங்களத் தூக்கும்போது பாருங்க"ன்னார். இணையத்தில் எத்தனையோ வீடியோ பார்த்திருக்கேன். இந்த ஒரு வரி எதிலும் இல்லை.

சாப்பாட்டு விசயம். மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து, கூடவே உப்பு, அப்படிங்கிறது பொதுவா இந்த விளையாட்டில் சொல்ற கணக்கு. அதுக்குன்னு ஜெல் பாக்கெட் விக்குது, ஒரு பாக்கெட் விலையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கலாம். உடன்குடிக் கருப்பட்டியைக் கரைச்சு வடிகட்டி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து பாட்டிலில் ஊத்திக்கிட்டேன். வீட்டில் நாலு மாசம் அதைக் குடிச்சே பழகினேன். என் வீட்டுக்காரி அதுக்கு ‘கோட்டித் தண்ணி’ன்னு பேர் வச்சா.

போட்டிக்கு முந்தின ரெண்டு வாரம் ஓய்வு எடுக்கணும்னு சொன்னேன் இல்லையா, அது சரியா ஐப்பசிப் பிறப்பு. பிசானத்துக்கு நாத்துப் பாவுற நேரம். அம்பை 16 விதை ஊறப்போட்டு, முளை கட்டி, நாத்தங்கால் சமன் பண்ணி, மழை வந்தா வடிய வழி பண்ணி வைக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி முறை வந்தா போய்த்தான் ஆகணும். போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது வரப்பில் மம்பட்டியோடு நிக்கிறேன், மருமகன் போனில் "கால் மேல கால் போட்டுப் படுத்திருக்கீங்களா மாமா?"ன்னு கேக்கான். ஆமான்னு சொன்னேன்.

மிராமரில் அன்னைக்கு விடியும் முன்னாலேயே கரையெல்லாம் ஆட்கள். ஆர்மிக்காரங்க, டாக்டர்கள், கம்ப்யூட்டர்காரங்க, வெள்ளைக்காரங்க. கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன் நான் தமிழ்னு தெரிஞ்சதும் பக்கத்தில் வந்து நின்னான். "அண்ணா என்ன பண்றீங்க?" "விவசாயம்." அவன் கண் விரிஞ்சதைப் பார்த்ததும் அடுத்து என்ன சொல்லப்போறான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உடம்பு பத்தித்தான் சொன்னான். வரிசை நகர்ந்துட்டதால விளக்கம் சொல்ல நேரமில்லை.

தண்ணியில் கால் வச்சப்போ டிசம்பர் ஞாபகம் வந்துச்சு. வராதுன்னு நினைச்சிருந்தேன். முதல் இருநூறு மீட்டர், சுத்தியும் கையும் காலும், யாரோ தோளில் மிதிச்சாங்க, உப்புத்தண்ணி தொண்டையில் இறங்கிச்சு. மூச்சு குட்டைக் குட்டையா வந்துச்சு. மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தேன். காப்பாத்துறவங்க படகு பக்கத்தில் வந்து கையைக் காட்டினாங்க, வேண்டாம்னு நானும் கையைக் காட்டினேன். படகைப் பிடிச்சு ஓய்வு எடுத்தாத் தப்பில்லை, விதியில் இடம் இருக்கு. ஆனா பிடிச்சா விடமாட்டேன்னு தோணுச்சு. கடல் என்னைத் தூக்கிப் பிடிச்சிருந்தது. ஆத்துத் தண்ணியைவிட உப்புத்தண்ணி நல்லா மிதக்க வைக்கும், மணப்பாட்டிலேயே கவனிச்சிருந்தேன். பத்து மூச்சு எண்ணிட்டுத் திரும்பினேன். அலை தூக்கும்போது தலையைத் தூக்கினா மிதவை தெரிஞ்சுது. அப்புறம் அடுத்த அலைக்குக் காத்திருந்து மறுபடியும். கரையேறினப்போ 58 நிமிசம். ஒரு மணி பத்து நிமிசம்தான் கெடு. மணலில் நடக்கும்போது அழுகை வந்துச்சு, எல்லாருக்கும் முகம் நனைஞ்சுதான் இருந்ததால ஒண்ணும் தெரியலை.

சைக்கிளைப் பத்திப் பெருசா ஒண்ணுமில்லை. மூணே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே பாதையில் திரும்பத் திரும்பச் சுத்து. முன்னால் போற சைக்கிளுக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி விடணும், அவன் முதுகு மறைவில் காத்துப்படாமப் போகக்கூடாது. ஆடிக் காத்தில் தென்காசி ரோட்டில் மிதிச்சவனுக்கு அந்தக் காத்து ஒரு பொருட்டா இல்லை. கோட்டித் தண்ணி ரெண்டு பாட்டிலும் தீர்ந்துச்சு.

ஓட்டம்தான் என்னை உரிச்சு எடுத்துச்சு. மணி பன்னிரண்டை நெருங்குது, கடலோரப் புழுக்கம், நம்ம ஊர் வெயில் மாதிரி இல்லை. இங்கே வேர்வை காயும், அங்கே காயாது. ஆறாவது கிலோமீட்டரில் தொடை பிடிச்சுக்கிச்சு. தண்ணி கொடுக்கிற இடங்களில் நின்ன கோவாப் பிள்ளைகள், காலேஜ் படிக்கிற வயசு, ஐஸ் தண்ணியைத் தலையில் ஊத்தி, பேர் தெரியாத ஆளை "கமான் அங்கிள்"னு கத்தி அனுப்பினாங்க. ஒரு தண்ணிப் பந்தலில் இருந்து அடுத்தது வரைக்கும்னு மட்டும் கணக்கு வச்சேன். ராத்திரி பாய்ச்சும்போது இப்படித்தான், ஒரு வயல் நிறையுற வரைக்கும் உக்காந்திருப்போம், அப்புறம் அடுத்த மடை. மொத்த வயலையும் நினைச்சா விடியாது. விவசாயம் எனக்கு அங்கே கொடுத்தது அந்த ஒரு பழக்கம்தான். தசையெல்லாம் மருமகனோட அட்டவணை கொடுத்தது.

பதினஞ்சாவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பிச்சேன். நடக்கிறதும் ஓடுறதுமா மிச்சத்தைக் கடந்தேன். மொத்தம் 7 மணி 53 நிமிசம். கழுத்தில் ஒரு மெடலைப் போட்டாங்க. மருமகன் எனக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாலேயே முடிச்சுட்டு, குளிச்சு, சாப்பிட்டு, சட்டை மாத்திட்டு நின்னான். என்னைப் பார்த்ததும் முதல்ல அம்மாவுக்குத்தான் போன் போட்டான். அம்மா கேட்டது, "கால் ரெண்டும் இருக்கா?"

ஊர் திரும்பினதும் தீபாவளி, அப்புறம் மழை, கார்த்திகை பிறந்ததும் நடவு. இந்தத் தடவை நடவை வேற மாதிரி செஞ்சு பார்க்கணும்னு எனக்கு ஒரு நினைப்பு. எனக்கு நாலு ஏக்கர், பன்னிரண்டு பேர் வந்தா நாலு நாள் வேலை. ரெண்டு நாள் நட்டதும் மூணாம் நாள் ஓய்வு, அதுக்கும் பாதிக் கூலி தாரேன்னு சொன்னேன். பத்தரை மணிக்கு ஒரு தடவை கரையேறி அரை மணி நேரம் உக்காரணும், அதுக்குக் கூலியில் பிடித்தம் கிடையாது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்னு கேட்டுட்டு, "தூங்குறதுக்குச் சம்பளம் குடுக்கான் பாருங்க. நாளைக்கு எங்ககிட்டயும்லா கேப்பாவ?"ன்னு சத்தமாவே சொன்னார். சொந்தக்காரர்தான், மாமா முறை. ரெண்டு மாசம் பேச்சு வார்த்தை இல்லை.

மூணாம் நாள் காலையில் பத்தமடைப் பக்கம் உரம் வாங்கப் போனேன். ரோட்டோர வயலில் என் நடவு ஆட்கள் பன்னிரண்டு பேரும் குனிஞ்சு நிக்காங்க. வேற ஆள் வயல், முழுக் கூலி. அக்காதான் முதல்ல நிமிர்ந்து பார்த்தாங்க. ஒளியலை, சிரிச்சாங்க. "என்னக்கா இது, இன்னைக்கு ரெஸ்ட்டுல்லா?" "சீசனே இருவது நாளு தம்பி. இதை வச்சுத்தான் மாசி வரைக்கும் ஓட்டணும். நீங்க தந்த பாதியும் வேணும், இதுவும் வேணும். ரெஸ்ட்டு பங்குனியில எடுத்துக்கிடுதோம், அப்ப எவன் கூப்பிடப் போறான்?"

எனக்கு என்ன பதில் சொல்லணும்னு தெரியலை, வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். மருமகனோட அட்டவணையில் இதுக்குக் கட்டம் இல்லை. நாலாவது நாள் எல்லாரும் என் வயலுக்கு வந்தாங்க, வழக்கம்போல எட்டு மணிக்குக் குனிஞ்சாங்க. பத்தரை மணி ஓய்வை மட்டும் யாரும் விடலை. அது நிலைச்சிடுச்சு, இப்ப பக்கத்து வயல் மாமாவும் பத்து நிமிசம் விடுறதாக் கேள்வி. அந்த நேரத்துக்கு நான் ஒரு குடம் கோட்டித் தண்ணி கொண்டு போறேன். அக்கா முதல் தடவை குடிச்சுட்டு முகத்தைச் சுளிச்சாங்க. ரெண்டாவது தம்ளரும் வாங்கிக் குடிச்சுட்டு, இதில் ஒரு துண்டு சுக்கு தட்டிப் போடுங்கன்னு சொன்னாங்க. போட்டேன். இப்ப நல்லாத்தான் இருக்கு.